குழாயை மாற்றும் முன் வாஷரைப் பாருங்கள்: ஒரு 1966 எம்ஜிபி ஜிடியின் கதை

தம்பி மாதிரிப் பழகும் நண்பர் ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்கவில்லை. வாங்கிய பிறகுதான் கூப்பிட்டார். “அண்ணா, கார்புரேட்டர் ரெண்டும் போச்சு போல. புதுசு வாங்கிடலாம். அதோட இந்த எக்ஸாஸ்டைத் தூக்கிட்டு இன்னும் பெரிய குழாயாப் போடணும். நல்ல சத்தம் வரணும்.” ஒரே மூச்சில் இரண்டு செலவு. கார்புரேட்டருக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதும், பெரிய குழாய் ஏற்கெனவே அந்தக் காரில் இருக்கிறது என்பதும், தொல்லையில் பாதி அதனால்தான் என்பதும் தெரிய எங்களுக்கு ஐந்து வார இறுதிகள் ஆயின. அந்த ஐந்து வாரக் கணக்குதான் இது.

கார் 1966-இல் செய்த எம்ஜிபி ஜிடி. ‘வின்டேஜ்’ என்ற சொல்லைக் கறாராகப் பிடிப்பவர்கள் 1919 முதல் 1930 வரை வந்த கார்களுக்கு மட்டுமே அதைத் தருவார்கள். இது அவர்கள் கணக்கில் ‘கிளாசிக்’. பேச்சு வழக்கில் நாம் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரானது. கூரை மூடிய ஜிடி வகை 1965-இல் வந்தது. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். பழைய கார் என்று புதிதாகக் கால் வைப்பவருக்கு இந்த எண்ணிக்கை பெரிய வரம். ஏறக்குறைய எல்லா உதிரி பாகமும் இன்றைக்கும் புதிதாகவே கிடைக்கிறது. முதல் காராக அரிய மாடலை வாங்கிவிட்டு ஒரு கதவுக் கைப்பிடிக்காக இரண்டு வருடம் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர்கள். புதிதில் நிமிடத்துக்கு 5400 சுற்றில் 95 குதிரைத்திறன் என்பது தயாரிப்பாளர் சொன்ன கணக்கு. இந்தக் கார் மூன்று வருடத்துக்கு மேல் ஓடாமல் நின்றிருக்கிறது. அதற்கு முன் இருந்தவர் எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் வெளிச்சந்தையில் வாங்கிய குழாய் வகை ஹெடர் ஒன்றையும், அதன் பின்னால் 2 அங்குலக் குழாயையும், ஒரே ஒரு சைலன்சரையும் மாட்டியிருந்தார்.

புகார்கள் இவை: ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் சுற்று) நிலையாக நிற்பதில்லை, 600-க்கும் 1300-க்கும் நடுவே ஊசலாடுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட்டாசு வெடிக்கிற மாதிரிச் சத்தம். வண்டி வேகம் பிடித்ததும் உள்ளே காது அடைக்கிற ரீங்காரம். ஜன்னலை இறக்கினால் புகை வாடை.

கடைசிப் புகாரைக் கேட்டதும், இனி சாவியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புகை வாடை வருகிறது என்றால் அதோடு வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வருகிறது. பின் கதவு ரப்பர் நைந்த ஜிடி ஓடும்போது வண்டியின் பின்னால் உண்டாகும் காற்றழுத்தக் குறைவு, குழாய் முனையிலிருந்து வரும் புகையை அந்த இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலை இறக்கினால் குறைய வேண்டியது கூடுகிறதே என்று குழம்புவார்கள். ஜன்னல் திறந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் குறைந்து பின்னாலிருந்து அதிகமாக இழுக்கும். ரப்பரை மாற்றினோம். பம்பருக்கு உள்ளேயே முடிந்திருந்த குழாய் முனையையும் குறித்து வைத்துக்கொண்டோம்.

முதல் வாரம்: ஓட்டுவதற்கு முன் நிறுத்துவது

நண்பருக்கு எக்ஸாஸ்ட் பற்றிப் பேச ஆசை. நான் பிரேக்கில் ஆரம்பித்தேன். நின்றுபோன காரில் எஞ்சினைக் கிளப்புவது சுலபம், கிளப்பியதை நிறுத்துவதுதான் சந்தேகம். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மூன்று வருடத்தில் அது வீல் சிலிண்டரை உள்ளிருந்து அரித்திருக்கும். பின் வீல் சிலிண்டர்கள் இரண்டும் ஒட்டிப் போயிருந்தன, மாற்றினோம். மூன்று ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினோம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத் தேதிக் குறியில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பட்டன் தேய்மானம் புதிது போல் இருந்தாலும் பதினோரு வயது. அதுவும் போயிற்று.

எஞ்சினுக்கு வருவோம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊற விட்டோம். மறுநாள் டாப் கியரில் போட்டு வண்டியைக் கையால் தள்ளி, எஞ்சின் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்தோம். அப்புறம் ஆயில் மாற்றி, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைச் சுழற்றி ஆயில் பிரஷர் முள் எழும் வரை விட்டோம். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினுக்குப் பளு இல்லை, பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர அவகாசம் கிடைக்கும். ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, சூடான ஐடிலிங்கில் 10 முதல் 25 இருந்தால் இந்த எஞ்சினுக்குப் போதும். ஆயில் 20டபிள்யூ-50 வகை, அதிலும் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ளது. இன்றைய காருக்கான மெல்லிய ஆயிலை இதில் ஊற்றினால் வால்வுகளைத் தூக்கும் கேம் தேயும்.

பெட்ரோல் டேங்கைக் காலி செய்தபோது வந்த திரவத்தில் வார்னிஷ் வாடை. பழைய ரப்பர் ஹோஸ்கள் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஊறி உள்ளே உரிந்துகொண்டிருந்தன. எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டோம்.

இந்தக் காரைத் தொடுகிறவர் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும்: இதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. 1967-இன் கடைசியில்தான் எம்ஜிபி நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. பன்னிரண்டு வோல்ட்டும் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளிலிருந்து வருகிறது. புது ஸ்டீரியோவையோ சார்ஜரையோ பழக்க தோஷத்தில் இணைத்தால் ஒரு நொடியில் புகைந்துவிடும்.

வரிசை மாறினால் வருமானம் இல்லை

பழைய காரில் கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். இது என் பிடிவாதம். நண்பர் முதல் நாளே ஸ்குரூ டிரைவரோடு அதன் பக்கம் போனார், கையைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் டேப்பட் (வால்வு இடைவெளி): 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. அடுத்து பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் இடைவெளி: 0.35 முதல் 0.40 மி.மீ. பிளக் இடைவெளி 0.64 மி.மீ. அதன்பின் டைமிங், அதாவது பொறி விழும் நேரம். இவை நான்கும் சரியாக நின்ற பிறகும் தொல்லை இருந்தால் காற்றுக் கசிவு தேட வேண்டும். அதையும் தாண்டினால்தான் கார்புரேட்டர். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒரு தவறை மறைக்க இன்னொரு தவறைச் சேர்த்துக்கொண்டே போவோம். இந்தக் காரில் யாரோ அதைத்தான் செய்திருந்தார்கள்.

பிளக்குகள் அதைக் காட்டிக் கொடுத்தன. ஒன்றும் இரண்டும் கரி பூசிய கறுப்பு. மூன்றும் நான்கும் சுண்ணாம்பு வெள்ளை. முன் ஜோடிக்குப் பெட்ரோல் அதிகம், பின் ஜோடிக்குக் காற்று அதிகம். எஸ்யூ கார்புரேட்டரின் அடியில் ஜெட்டை (பெட்ரோல் வரும் சிறு குழாய்) ஏற்றி இறக்கும் ஆறுமுக நட் ஒன்று உண்டு. ஜெட்டை மேல் விளிம்போடு சமமாக வைத்துவிட்டு அங்கிருந்து 12 முகங்கள், அதாவது இரண்டு முழுச் சுற்று இறக்குவது வழக்கமான தொடக்க நிலை. இதில் இரண்டையும் எண்ணிப் பார்த்தால் 20-க்கும் மேல். எங்கோ காற்று நுழைந்து கலவை மெலிந்திருக்கிறது. காற்றை அடைக்காமல் பெட்ரோலைக் கூட்டிச் சமாளித்திருக்கிறார்கள். கசிவு இல்லாத முன் ஜோடி அதனால் மூச்சு முட்டியிருக்கிறது.

சரி, காற்று எங்கே நுழைகிறது? எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, பூவாளி மாதிரி மெல்லிய தண்ணீர்த் தூறலை இணைப்பு ஒவ்வொன்றிலும் அடித்தேன். சிலர் கார்ப் கிளீனரை அடிப்பார்கள். சிவக்கக் காய்ந்த மேனிஃபோல்டு கீழேயே இருக்கும் எஞ்சினில் எரியும் திரவத்தைத் தெளிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பின் இன்லெட்டின் (காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் நுழையும் வழி) அடிப்பக்க இணைப்பில் தண்ணீர் பட்டதும் சுற்று சட்டென்று மாறியது. உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

ஒன்றரை மில்லிமீட்டர்

இந்த எஞ்சினில் சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். மொத்தம் ஐந்து வாய்கள்: இரண்டு இன்லெட், மூன்று எக்ஸாஸ்ட். அலுமினிய இன்லெட் மேனிஃபோல்டும் இரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒரே கேஸ்கெட்டைப் பகிர்ந்துகொண்டு, பொதுவான ஸ்டட்களில் (தலையில்லாத போல்ட்) நிற்கின்றன. ஒரு தடித்த வாஷர் பாதி இன்லெட் விளிம்பின் மேலும் பாதி எக்ஸாஸ்ட் விளிம்பின் மேலும் ஏறி உட்காரும். ஒரே நட் இரண்டையும் அழுத்துகிறது. இரண்டு விளிம்பும் ஒரே தடிமனாக இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு செல்லும்.

வெளிச்சந்தை ஹெடரின் விளிம்பு ஒன்றரை மி.மீ. கூடுதல் தடிமன். வாஷர் சாய்ந்து எக்ஸாஸ்ட்டை நன்றாக அழுத்தியிருக்கிறது. இன்லெட்டை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் சாய்வுதான் கூடும், அழுத்தம் வராது. கழற்றிப் பார்த்தபோது கேஸ்கெட்டின் எக்ஸாஸ்ட் பக்கத்தில் ஆழமான பதிவு, இன்லெட் பக்கத்தில் புதுசு மாதிரி ஒரு தடமும் இல்லை. நண்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “கார்புரேட்டருக்கு ஆர்டர் போட்டிருந்தா?” என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தால் புதுக் கார்புரேட்டரும் இதே மாதிரி ஊசலாடியிருக்கும்.

பின்னால் வந்த பட்டாசு வேறு கதை. ஹெடரின் கிளைகள் ஒன்று சேரும் இடத்தில் உள்ள சொருகு இணைப்பு தளர்ந்திருந்தது. ஆக்சிலரேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் குழாய்க்குள் போகும். இணைப்பு வழியாக வெளிக்காற்று நுழைந்தால் அது சூட்டில் அங்கேயே பற்றும். இதைக் கண்டுபிடிக்கக் கருவி ஒன்றும் தேவையில்லை. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியவுடன், தடித்த கையுறையும் மடித்த துணியும் வைத்துக் குழாய் முனையை ஒரு சில நொடி அடைத்தால் கசியும் இடத்தில் ‘புஸ்’ என்று கேட்கும். திறந்த வெளியில் மட்டும் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கேஸ்கெட்டுகளிலும், கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் பூச்சிலும், பிரேக் லைனிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். கம்பித் தூரிகை போட்டு உலர்வாகச் சுரண்டக் கூடாது. நனைத்து, முகக்கவசத்தோடு எடுத்து, பையில் கட்டி முறையாக அப்புறப்படுத்த வேண்டும்.

இப்போது குழாய்

மூன்றாம் வாரம்தான் நண்பர் ஆசைப்பட்ட பேச்சு தொடங்கியது. ஹெடரை வைத்துக்கொண்டு விளிம்பை மெஷினில் கொடுத்துச் சீவலாம். இல்லையென்றால் பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்குத் திரும்பலாம். அதிர்ஷ்டம், முன்னவர் அதைத் தூக்கி எறியாமல் காரோடு ஓர் அட்டைப்பெட்டியில் கொடுத்திருந்தார். பழைய காரோடு வரும் துருப்பிடித்த சாமான்களை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

குழாய் வகை ஹெடர் என்றாலே வேகம், வார்ப்பு என்றாலே மட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எஞ்சினில் அது பெரும்பாலும் பொய். காரணம் எரியும் வரிசையில் இருக்கிறது: 1-3-4-2. நடுவிலுள்ள எக்ஸாஸ்ட் வாய் இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது. வரிசையைப் பாருங்கள்: மூன்று வெடித்த பின் நான்கு, அதன்பின்தான் இரண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கிராங்க் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. ஒன்றுக்கும் நான்குக்கும் அதே இடைவெளி. எம்ஜிபியின் வார்ப்பு மேனிஃபோல்டு நடு வாயை ஒரு வழியிலும், ஓர வாய்கள் இரண்டையும் இன்னொரு வழியிலும் அனுப்பி, இரட்டை இறங்குகுழாயாகக் கொண்டுபோய்க் கீழே ஒன்று சேர்க்கிறது. ஆக ஒரு சிலிண்டரின் புகை இன்னொன்றின் மூச்சில் குறுக்கிடுவதில்லை. விலையுயர்ந்த ஹெடர்கள் சாதிக்கப் பார்க்கும் காரியத்தை இந்தக் கனத்த இரும்பு அப்போதே செய்துவைத்திருக்கிறது. ஹெட்டும் கேமும் மாற்றிய பந்தய எஞ்சினுக்கு ஹெடர் பலன் தரும். இந்தக் கார் அப்படி இல்லை. குழாய் வகை மெல்லியது என்பதால் சத்தத்தையும் சூட்டையும் பானெட்டுக்குள் அதிகம் விடும். மேலேயே கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

மேனிஃபோல்டைக் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினேன். மணி மாதிரி ஒலித்தது. விரிசல் இருந்தால் மண்பானை உடைந்த சத்தம் வரும். தட்டையான சட்டம் வைத்துப் பார்த்ததில் விளிம்பு 0.2 மி.மீ. அளவுக்கு வளைந்திருந்தது. இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ஒன்றாகவே கொடுத்து முகம் சீவ வைத்தோம், தடிமன் இரண்டுக்கும் ஒன்றாக வரும்படி. இதைத் தனித்தனியாகச் செய்தால் பழைய வாஷர் கதை திரும்பவும் ஆரம்பிக்கும்.

அடுத்து குழாயின் விட்டம். மூலத்தில் 1¾ அங்குலம், காரில் இருந்தது 2 அங்குலம். கால் அங்குலம்தானே என்று தோன்றும், ஆனால் உள்பரப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது. எஞ்சினுக்குக் கொஞ்சம் ‘பேக் பிரஷர்’ வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. எந்த எஞ்சினும் எதிரழுத்தத்தை விரும்புவதில்லை. அது விரும்புவது புகையின் வேகத்தை. வேகமாகப் போகும் புகைத் துடிப்பு தன் பின்னால் இழுவையை விட்டுப் போகும், அந்த இழுவை சிலிண்டரில் மிச்சமிருப்பதை வெளியேற்ற உதவும். குழாய் அகலமானால் வேகம் குறையும், குறைந்த சுற்றில் இழுவையும் குறையும். அதோடு, இந்த எஞ்சினில் மூச்சு அடைபடும் இடம் ஹெட்டிலுள்ள பகிர்வு வாய்கள். வாசலைக் குறுகலாக வைத்துக்கொண்டு தெருவை அகலப்படுத்தி என்ன பயன்? 1¾ போதும் என்று முடிவு செய்தோம். தரைக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளியும் கொஞ்சம் மிஞ்சியது.

ரீங்காரம்தான் கடைசியில் நண்பரின் மனதை மாற்றியது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3000 சுற்றில் வினாடிக்கு 100 துடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத எம்ஜிபி டாப் கியரில் 3000 சுற்றில் சுமார் 86 கி.மீ. வேகத்தில் போகும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க இருக்கப்போகும் சுற்று அதுதான். ஜிடியின் மூடிய கூடு அந்த 100 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தத்துக்குப் பறை மாதிரி. திறந்த கூரை ரோட்ஸ்டரில் காற்று அதைக் கொண்டுபோய்விடும், ஜிடியில் போக இடமில்லை. நண்பர் வீடியோக்களில் கேட்டு மயங்கிய எக்ஸாஸ்ட் சத்தம் எல்லாம் வெளியே நின்று, எஞ்சினை உறுமவிட்டுப் பதிவு செய்தவை. போனின் மைக் இந்தத் தாழ்ந்த ஒலியை ஒழுங்காகப் பிடிப்பதும் இல்லை. வேண்டுமானால் அதே சைலன்சர் போட்ட ஒரு காரில் அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்து போய்வர வேண்டும்.

சைலன்சரில் இரண்டு குலம். ஒன்று, துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு அடைத்த நேர்வழி வகை. கூரான, உயர்ந்த ஒலிகளை நன்றாக விழுங்கும், 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்குக் கை நீளாது. மற்றது உள்ளே அறைகளும் குறுக்குச் சுவர்களும் உள்ள வகை. ஒலி அலைகளைத் திருப்பி ஒன்றோடொன்று மோதவிட்டு அடக்கும், தாழ்ந்த ஒலிக்கு இதுதான் மருந்து. முன்னவர் போட்டிருந்தது முதல் வகையில் ஒன்றே ஒன்று. அடைபட்ட பக்கக் குழாய் ஒன்றை வைத்து ரீங்காரத்தை மட்டும் தனியே அடக்கும் வித்தையும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 300 டிகிரிப் புகையில் ஒலி வினாடிக்குச் சுமார் 480 மீட்டர் போகும், 100 ஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 1.2 மீட்டர். அந்தக் காரின் அடியில் அவ்வளவு நீளத்துக்கு இன்னொரு குழாயை எங்கே ஒளிப்பது? விட்டுவிட்டோம். மூலத்தில் இருந்தது போலவே இரண்டு பெட்டி வைத்தோம். முன்பெட்டி நேர்வழி, பின்பெட்டி அறை வகை. எடுக்கும்போது கொஞ்சம் குரல் கேட்கும், நெடுஞ்சாலையில் அடங்கும்.

உலோகத்தைத் தேர்வு செய்ய ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. குழாய் நன்றாகச் சூடேறினால் ஆவியாகப் போய்விடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் காரில் அது பின்பெட்டிக்குள் தேங்கி, அமிலத்தோடு சேர்ந்து உள்ளிருந்து தின்னும். பழைய கார் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. சாதா இரும்பு மலிவு, சீக்கிரம் போகும். அலுமினியப் பூச்சு கொடுத்தது நடுத்தரம், வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்து அங்கே முதலில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் என்று விற்பதிலும் இரண்டு உண்டு. 409 என்பதில் குரோமியம் 11 சதவீதம் அளவில். காந்தம் ஒட்டும், மேலே பழுப்பேறும், ஆனால் தாங்கும். 304 என்பது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும், நம் சமையலறை எவர்சில்வரின் உறவு. நாங்கள் 304 எடுத்தோம். அதன் ஒலி சற்றே உலோகத் தன்மையாக இருக்கும் என்பார்கள். என் காதுக்குச் சுவர் தடிமன்தான் பெரிய வித்தியாசம் செய்கிறது.

இதில் ஒரு விலை உண்டு. 304 சூட்டில் அதிகம் நீளும். சுமார் 3 மீட்டர்க் குழாய் 250 டிகிரி ஏறினால் இரும்பு 9 மி.மீ. நீளும், 304 கிட்டத்தட்ட 13 மி.மீ. அந்த நீட்சிக்கு ரப்பர் தொங்கிகள் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வெல்டிங் விரியும், இல்லையென்றால் மேனிஃபோல்டு ஸ்டட் இழுபடும்.

வெப்ப நாடா சுற்றச் சொல்லிச் சிலர் நண்பருக்கு யோசனை சொன்னார்கள். பந்தயக் காரில் சரி. தெருவில் ஓடும் காரில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயைத் தின்ன வைக்கும். வேண்டாம் என்றேன்.

மாட்டியது

மேனிஃபோல்டையும் இறங்குகுழாயையும் இணைப்பது ஆறு ஸ்டட்கள். முன்னவர் அவற்றைத் தொட்டிருக்கவில்லை, பெட்டிக்குள் வெட்டிய பழைய குழாய்த் துண்டோடு துருவேறிக் கிடந்தன. ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு நாள் காத்திருந்தோம், சூடுபடுத்தினோம். அப்படியும் ஒன்று ஒடிந்தது. ஆறையும் புதிதாகப் போட்டு, பித்தளை நட் மாட்டினோம். பித்தளை இரும்பு ஸ்டட்டோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாது, அடுத்த முறை கழற்றுகிறவர் வாழ்த்துவார்.

மாட்டும் போது கார் ஸ்டாண்டுகளில் நிற்க வேண்டும், ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. பின் ஸ்டாண்டுகளைப் பாடிக்குக் கீழே வைக்காமல் அச்சுக்குக் கீழே வைத்தோம். பாடியில் வைத்தால் அச்சு தொங்கிவிடும்; அந்த நிலையில் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளி, வண்டி தரையில் இறங்கியதும் மாறிவிடும். எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டித் தொங்கவிட்டு, முன்னிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வந்தோம். இறங்குகுழாயைக் கியர்பாக்ஸோடு பிடிக்கும் பிராக்கெட் ஒன்று உண்டு. பலர் அதை விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ரப்பரில் ஆடும்போது அந்த ஆட்டம் முழுவதும் ஆறு ஸ்டட்களுக்கும் போகாமல் தடுப்பது அதுதான். இணைப்புகளுக்கு யு-போல்ட் கிளாம்பைத் தவிர்த்துப் பட்டை கிளாம்ப் போட்டோம்; யு-போல்ட் குழாயை நெளித்துவிட்டால் பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். குழாய் முனை பம்பரைத் தாண்டி வெளியே வரும்படி பார்த்துக்கொண்டோம்.

முதல் ஓட்டத்தில் புதுப் பெட்டியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. தயாரிப்பின்போது தங்கிய எண்ணெய் எரிகிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஆறியதும் எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினோம். மேனிஃபோல்டு நட்டுகள் கால் சுற்று வரை ஏற்றுக்கொண்டன.

அப்புறம்தான் கார்புரேட்டர். இரண்டு ஜெட்டையும் 12 முகத்துக்குக் கொண்டுவந்து, இரண்டின் காற்றோட்டத்தையும் சமப்படுத்தினேன். கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை ஊசியால் சுமார் 0.8 மி.மீ. தூக்கிப் பார்க்கும் பழைய சோதனை இன்றும் பொய் சொல்வதில்லை: சுற்று ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே விழுந்தால் குறைவு, ஒரு கணம் லேசாக ஏறி இறங்கினால் சரி. முன்னதை 11 முகத்திலும் பின்னதை 12-இலும் நிறுத்தினேன். ஐடிலிங் 750-இல் உட்கார்ந்தது. அந்தப் பிஸ்டனின் வேகத்தை அடக்கும் டேஷ்பாட்டில் ஆயில் அறவே இல்லாமல் இருந்தது, ஊற்றினோம். எடுக்கும்போது பிஸ்டன் சட்டென்று எகிறாமல் பிடித்து, ஒரு கணம் கலவையைச் செறிவாக்குவது அந்த ஆயில்தான். எஸ்யூவில் ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. குளிரில் கிளப்பும் முன் பெடலை நான்கு முறை மிதிக்கும் பழக்கம் நண்பருக்கு இருந்தது. இந்தக் காரில் அது காலுக்குப் பயிற்சி மட்டுமே. சோக்கை இழுத்தால் போதும்.

ஓட்டுவதில் அவர் கற்றது இன்னொன்று. அந்த வருடத்து கியர்பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோ (கியர்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும் அமைப்பு) இல்லை. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் முதல் கியர். பழைய எக்ஸாஸ்ட் இருந்தவரை கியர் பல் உரசும் சத்தமே அவருக்குக் கேட்டிருக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தேன். நான்கு பிளக்கும் ஒரே பிஸ்கட் நிறம். குழாய் முன்பக்கம் வைக்கோல் மஞ்சளாகவும் நீலமாகவும் நிறம் மாறியிருந்தது, 304-க்கு அது இயல்பு. பட்டாசு இல்லை, வாடை இல்லை. 3400 சுற்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய முனகல். அடியில் போய்ப் பார்த்தால் பின்பெட்டியின் தொங்கி ரப்பர் கடினமான வகை, அதிர்வை நேராகப் பாடிக்குக் கடத்திக்கொண்டிருந்தது. மென்மையானதாக மாற்றியதும் பாதி குறைந்தது. மீதியை வைத்துக்கொள்வதாக நண்பர் சொல்லிவிட்டார். “கொஞ்சமாவது சத்தம் வேணும்ல, அண்ணா?”